பந்து சுருங்கும் வரை

1

இந்தக் கதையை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்கவில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

தோள்பட்டை அறுவைக்காக என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர். அவருக்கும் தோள்தான், அவருக்கும் வலதுதான். தோள்காரர்களை எல்லாம் ஒரே நாளில் வரச் சொல்லிவிடுவார்களாம், கருவிகளை எடுத்து வைக்க வசதியாக. நடுவில் ஒரு திரை. அதை யாரோ அரைகுறையாக இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். திறந்திருந்த இடைவெளியில் அவரும் அவர் மனைவியும் கையால் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. சைகை மொழி. எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் நடப்பது சண்டை என்று தெரிந்தது. சண்டையைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை, கல்யாணம் ஆகியிருந்தால் போதும்.

கடைசியில் அவருடைய வலது கை ஏதோ ஒன்றைச் சொன்னது. சின்னதாக, வெடுக்கென்று. அதற்குப் பிறகு மனைவி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த வலது கை வயிற்றின்மேல் யாருடையதோபோலக் கிடந்தது. கழுத்தோரம் ஊசி போட்டுத் தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகளை மரக்க வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அதேதான் நடந்தது.

அந்தக் கை கடைசியாகச் சொன்னது என்ன? அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதற்கு வாய்ப்புக் கிடைத்ததா?

எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன். (தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வாக்கியம் எங்காவது குட்டையாக இருந்தால் அது என் பாணி இல்லை, என் தோள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘அன்று காலை வானம் மேகமூட்டமாக’ — வேண்டாம். அந்த ஜன்னலில் வானமே இல்லை. எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகள்தான் தெரிந்தன, ஒன்றிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முயற்சி:

‘வலி என்பது ஒரு’ — ஒரு மண்ணும் இல்லை. வலி வலிதான். இப்படி ஆரம்பிக்கிறவர்களுக்கு எங்கும் வலித்திருக்காது.

மூன்றாவது முயற்சி:

‘அவர் கூரைக்குப் பெயின்ட் அடிப்பவர்.’

இது தேவலை. சுவருக்கு அடிக்கிறவர்கள் நிறையப் பேர். கூரை என்றால் பலரும் நழுவிவிடுவார்கள். கழுத்து ஒடியும், சொட்டுவதெல்லாம் முகத்தில் விழும். இவர் கையைத் தலைக்கு மேலே தூக்கியே பிழைத்தவர். தோளுக்குள் இருக்கும் தசைநார் நைந்து நைந்து ஒருநாள் கிழிந்துவிட்டது. அவர் மனைவி பேக்கரியில் கேக்குகளுக்கு அலங்காரம் செய்பவள். க்ரீம் நிறைந்த பையைப் பிழிந்து கேக்கின்மேல் பூவும் எழுத்தும் போடுவாள். பிறந்ததிலிருந்து காது கேட்காது. அவருக்குக் கேட்கும், பேசவும் வரும். ஆனால் அந்த வீட்டின் மொழி கை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க அவளுக்கு வரும்தான். அதைப் பேக்கரிக்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் மட்டும் வைத்திருக்கிறாள். வீட்டிலும் அதையே செய்தால் தானும் ஒரு வாடிக்கையாளர் மாதிரி ஆகிவிடுவோம் என்பது அவள் கட்சி.

அவருக்கு அவள் வைத்த பெயர் ஏணி. இரண்டு விரல்கள் படியேறுவதுபோல் காட்டினால் அது அவர். அவளுக்கு அவர் வைத்த பெயர், பையைப் பிழிவதுபோல் விரல்களை மடக்குவது. எழுத்தில் அதைக் கேக்காரி என்று வைத்துக்கொள்கிறேன். (இவரை ‘அவர்’ என்றும் இவளை ‘அவள்’ என்றும் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளோடு எனக்கு ஒட்டுதல் அதிகம். அவ்வளவுதான்.)

இனி அவர்கள் கையால் பேசுவதையும் வாயால் பேசுவதுபோலவே எழுதப்போகிறேன்.

சண்டை இதுதான். கேக்காரியின் அக்கா வேறு ஊரில் பெரிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறாள். அலங்கார வேலைக்குத் தங்கையைக் கூப்பிடுகிறாள்.

“ரெண்டு பேரும் போயிடலாம்,” என்றாள் கேக்காரி, அறுவைக்கு முன்னால், கட்டிலோரம் உட்கார்ந்து. “டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்ட. இனிமே கையை மேல தூக்கி வேலை பாக்கக் கூடாது. அங்க வந்தா உனக்கும் ஏதாவது இருக்கும். கடை முன்னாடி உக்காந்து வர்றவங்களைப் பாத்துக்கலாம்.”

அவள் சொன்னது அதுதான். அவருக்குப் பட்டது, ஏணியை விற்றுவிட்டு ஸ்டூலில் உட்காரச் சொல்கிறாள் என்று.

“அக்கா உன்னைத்தானே கூப்பிட்டா?”

“நம்மளைக் கூப்பிட்டா.”

“போ,” என்றார் ஏணி.

புறங்கையை வெளிப்பக்கமாக ஒரு தள்ளு. ஈயை விரட்டுகிற மாதிரி. அவ்வளவுதான் அந்தச் சொல்.

3

அவள் முகம் திருப்பியதும் ஏணிக்கு உடனே தப்பு தெரிந்துவிட்டது. அவர் மோசமானவர் இல்லை. பயந்துபோயிருந்தார். (பயந்தவர்களின் கையும் நாக்கும் ஒரே மாதிரி.) திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கையை எடுத்தார். அவள் பார்க்கவில்லை. பார்க்காதவளிடம் அந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்ல முடியாது. கட்டில் நகர்ந்துவிட்டது.

‘மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அவள் கண்ணீரோடு அவர் தலையைத் தடவி’ —

இல்லை. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுப் போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் கேக்காரி கதைக்குள்ளிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். போ என்று சொன்ன ஆளின் தலையைத் தடவ அவளுக்கென்ன தலையெழுத்து? நான் பார்த்த அந்தப் பெண்ணும் தடவவில்லை. நேராக உட்கார்ந்திருந்தாள். அவர் உதடு காய்ந்தபோது தண்ணீர் கொடுத்தாள், தலையணையைச் சரிசெய்தாள், எல்லாவற்றையும் முகத்தைப் பார்க்காமலே செய்தாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். (இவர் கற்பனை இல்லை. என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொல்ல வைக்கிறேன்.) கேக்காரிக்கு உதடு தெரியும்படி நின்றுகொண்டு, குழாய் மாட்டிய ஒரு ரப்பர் பந்தைக் காட்டி நிதானமாகப் பேசினார்.

“இந்தப் பந்துக்குள்ள மரக்கிற மருந்து இருக்கு. மெல்லிய குழாய் வழியா கழுத்தோரம் நரம்புக்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருக்கும். கரண்ட் வேண்டாம், பொத்தான் வேண்டாம். பந்து தானா சுருங்கும். முழுக்கச் சுருங்கினதும் குழாயை எப்படி எடுக்கணும்னு நர்ஸ் காமிப்பாங்க.”

ஏணி தலையாட்டினார். ஒரு பக்கக் கண்ணிமை தொங்கியிருந்தது. “குரல்…” என்று ஆரம்பித்தார். காற்றுதான் வந்தது.

“குரல் கம்மும், இமை தொங்கும், மூச்சு முழுசா எடுக்க முடியாத மாதிரி இருக்கும். மருந்து பக்கத்து நரம்பையும் தொடுறதால அப்படி. அது விட்டதும் சரியாயிடும். மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா உடனே கூப்பிடுங்க. அப்புறம், குழாய்ல ஒரு கிளிப் இருக்கு பாருங்க. அதை மூடினா மருந்து நின்னுடும். அதுல கை வைக்காதீங்க.”

“சரி.”

“முக்கியமான விஷயம். வலி இல்லைன்னாலும் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. மரப்பு விடுறப்போ வலி கதவைத் தட்டிட்டு வராது, உடைச்சுக்கிட்டு உள்ள வரும். வலியே இல்லாத ஆளை மாத்திரை போட வைக்கிறதுதான் சார் என் வேலையிலேயே பெரிய கஷ்டம்.”

டாக்டர் போனதும் கேக்காரி முதல் முறையாக அவரைப் பார்த்தாள்.

“இந்தப் பந்து காலியாகுற வரைக்கும் இருக்கேன். உன்னால தனியா சட்டைகூடப் போட முடியாது. காலியானதும் போறேன்.”

ஏணியின் வலது கை நகரவில்லை. இடது கையை எடுத்தார். அதற்குள் அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

(அறுவை முடிந்த ஆளிடம் ஒருத்தி இப்படிச் சொல்வாளா? சொல்வாள். கோபத்தில் இருக்கும்போதும் பந்து காலியாகும்வரை இருக்கிறேன் என்கிறாளே, அதைக் கவனியுங்கள்.)

4

இங்கே என் வீட்டுக்காரரை உள்ளே விட வேண்டியிருக்கிறது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார், எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்பார்.

“உன் ஏணி போன்ல அடிச்சுக் காட்ட வேண்டியதுதானே?” என்றார். “இடது கை நல்லாத்தானே இருக்கு? ‘தப்பா சொல்லிட்டேன், போகாதே.’ முடிஞ்சுது. உன் கதையும் முடிஞ்சுது, நீயும் தோளுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்.”

“அவ அதை ஏத்துக்க மாட்டா.”

“ஏன்?”

நல்ல கேள்வி. இரண்டு நாள் எழுதவில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்து மோட்டுவளையைப் பார்த்தேன். (தோள் அறுவை செய்தவர்கள் சாய்ந்துதான் தூங்க வேண்டும். படுத்தால் தோள் நம்மை எழுப்பிவிடும்.) பிறகு பதில் கிடைத்தது. கேக்காரியின் வேலையிலேயே அது இருந்தது.

பேக்கரிக்கு வரும் ஆர்டர்களில் ‘மன்னிச்சிடு’ கேக்குகள் நிறைய உண்டு. கணவன்மார்கள்தான் பெரும்பாலும். வேலைக்குப் போகிற வழியில் போன் செய்துவிட்டு, திரும்புகிற வழியில் வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் அடிக்கடி வருவார், அவருக்கு எழுத்து மட்டும் போதும், பூ வேண்டாம். கேக்காரி வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டுவாள். ஏணி வயிறு வலிக்கச் சிரிப்பார்.

“எழுதிக் குடுக்கிற மன்னிப்பு எல்லாம் என் கையால ஆனது,” என்று ஒருமுறை சொன்னாள். “சொன்ன வாய் சும்மா இருக்கும். நான்தான் பிழியணும்.”

அதனால் ஏணி இடது கட்டைவிரலால் போனில் எதையோ அடித்தார், பார்த்தார், அழித்தார். அது பூ இல்லாத கேக் மாதிரியே இருந்தது.

“சரி,” என்றார் வீட்டுக்காரர். “அப்போ இடது கையால சைகை?”

இருங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

5

அந்த வீட்டில் ‘இரு’ என்பதற்கு ஒரு தனிச் சைகை உண்டு. ஊருக்கெல்லாம் பொதுவானது இல்லை, இவர்களே உண்டாக்கியது. கல்யாணமான புதிதில் அவர் வேலை செய்யும் இடத்துக்கு அவள் சாப்பாடு கொண்டுபோவாள். அவர் ஏணியில் ஏறப் போகும்போது, ஏறாதே, சாப்பிட்டுவிட்டு ஏறு என்று சொல்ல இடது கையை மூடி, அதன்மேல் வலது உள்ளங்கையைப் பாத்திர மூடிபோல வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது. போகச் சொல்ல ஒரு கை போதும், இருக்கச் சொல்ல இரண்டு கை வேண்டும்.

(இந்தக் கடைசி வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படிச் சுலபமாக வருவதை நான் நம்புவதில்லை. ஆனாலும் எடுக்க மனமில்லை.)

ஆகவே ஏணிக்கு வலது கை வேண்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. கேக்காரி குளிக்கப் போயிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் அவருக்குக் கேட்டது. நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் மாட்டிய ஸ்லிங்குக்குள் கை, இடுப்பில் ஒரு துணிப்பை, அதற்குள் பந்து. வலி என்று ஒன்று இல்லவே இல்லை. தோள் இருக்கும் இடத்தில் ஒரு மூட்டையை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. துணிப்பையைத் திறந்து பார்த்தார். பெரிய ஆரஞ்சு அளவில் இருந்த பந்து இளைத்திருந்தது. அலமாரிப் பக்கம் பார்த்தார். மேல்தட்டில் இருந்த அவளுடைய பயணப்பை கீழே வந்திருந்தது. இன்னும் காலிதான். ஆனால் ஜிப் திறந்திருந்தது.

இந்தப் பந்து எனக்காகச் சுருங்கவில்லை, அவளுக்காகச் சுருங்குகிறது என்று ஏணி நினைத்தார்.

கிளிப் குழாயின்மேல் இருந்தது. இடது கட்டைவிரலால் அழுத்தினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவர் பயந்து குளியலறைப் பக்கம் பார்த்தார். பிறகுதான், அவளுக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்தது. அவளிடம் ஒரு சத்தத்தை மறைப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது.

கணக்கு இரண்டு விதத்தில் சரியாக வந்தது. மருந்து நின்றால் கை திரும்பும், கை திரும்பினால் ‘இரு’ என்று சொல்லலாம். மருந்து நின்றால் பந்தும் சுருங்காது, பந்து சுருங்காதவரை அவள் போக முடியாது. வலி வரும். வரட்டுமே, கூரை அடித்த தோள்தானே, வலிக்குப் புதுசா என்று நினைத்துக்கொண்டார்.*

* இந்த இடத்தை மயக்க மருந்து டாக்டரிடம் போனில் படித்துக் காட்டினேன். “அந்த ஆள் பண்றது முட்டாள்தனம்னு எழுதுங்க,” என்றார். “பெருசா எழுதுங்க. யாராவது படிச்சுட்டு கிளிப்பை மூடி வெச்சுட்டு என்கிட்ட வந்து நிப்பாங்க.” எழுதிவிட்டேன்.

முதலில் சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு மோதிரவிரல். ஏணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்லிங்குக்குள்ளேயே விரலை மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்தார். மதியத்துக்குள் கட்டைவிரலும் வந்துவிட்டது. குரல்கூடக் கொஞ்சம் திரும்பியது.

சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தோளுக்குள் ஒரு சூடு. சூடு கனத்தது. பிறகு டாக்டர் சொன்ன மாதிரியே கதவு உடைந்தது. தசைநாரைத் தைக்க எலும்புக்குள் அடித்திருந்த ஒவ்வொரு ஆணியும் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது. மூச்சை இழுத்தால் வலித்தது, விட்டால் வலித்தது, இருமல் வந்துவிடுமோ என்று நினைத்தாலே வலித்தது. நெற்றியில் வியர்த்தது. வேலை செய்து வந்த வலி எல்லாம் வலியே இல்லை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கேக்காரி மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள்.

“பத்துக்கு வலி எவ்வளவு?”

ஏணி இடது கையில் ஒரு விரலைக் காட்டினார்.

அவள் அந்த விரலையும் பார்த்தாள், நெற்றியையும் பார்த்தாள்.  மாத்திரையை விழுங்க வைத்துவிட்டுப் போனாள். அந்த வலிக்கு அந்த மாத்திரை தனியாக எந்த மூலைக்கு?

இங்கே நிறுத்துகிறேன். என் தோளும் எழுந்துவிட்டது. வலியைப் பற்றி எழுதினால் வலி குறையும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். குறையவில்லை. அலுப்பாக இருக்கிறது. உடம்பு முழுவதும் ஒரு தோளாகச் சுருங்கிவிட்டதுபோல, வேறு எதைப் பற்றியும் யோசிக்க முடியாத அலுப்பு.

6

“மாட்டிக்கிச்சு,” என்றார் வீட்டுக்காரர்.

“எங்க?”

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்லிங்கில் என் வலது கை வயிற்றின்மேல் கிடந்தது. தன் இடது கையை மூடி, என் வலது உள்ளங்கைக்குக் கீழே மெதுவாகச் செருகினார்.

“வலது கையைத் தூக்கி இடது கை மேல வைக்க முடியாது. சரி. இடது கையைக் கொண்டுபோய் வலது கைக்குக் கீழ வெச்சா? இதேதானே அந்த ‘இரு’? ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாமே உன் ஏணி. கிளிப்பை மூட வேண்டிய அவசியமே இல்லை.”

 ஐந்தாம் பகுதி முழுவதும் என் கண் முன்னாலேயே இடிந்து விழுந்தது. ஒற்றை விரலால் தட்டிய பக்கங்கள். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழிக்கவும் அதே விரல்தான்.

ஏணியிடமே கேட்டேன். (கேட்டேன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.)

‘உங்களுக்கு இது தோணலையா?’

‘தோணுச்சு,’ என்றார் ஏணி. ‘ஆஸ்பத்திரியிலேயே தோணுச்சு.’

‘அப்புறம் ஏன் செய்யலை?’

‘கை செத்துக் கிடக்குதும்மா. அதுக்குக் கீழ இன்னொரு கையைக் கொண்டுபோய் வெச்சா, அது நான் சொன்னதாகுமா? போன்னு சொன்னப்போ அந்தக் கைக்கு நல்லா உணர்ச்சி இருந்துச்சு. இருன்னு சொல்றப்போ மட்டும் மரத்துப்போன கையா?’

எனக்கு அது சரியாகப் பட்டது. மன்னிப்புக் கேட்கும்போது கொஞ்சமாவது வலிக்க வேண்டும் என்று நானும் நம்புகிறவள்தான். வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன்.

அவர் கையை எடுக்கவில்லை. 

“உன்னை ஆபரேஷன் முடிச்சுக் கொண்டுவந்தாங்க பாரு. அன்னிக்கு மத்தியானம் பூரா இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். நீ முழிச்சுத்தான் இருந்த. அந்தப் பக்கம் திரும்பி, பக்கத்துக் கட்டில்காரங்களைப் பாத்துக்கிட்டிருந்த.”

“எனக்குத் தெரியாதே.”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியும். மரத்துப் போயிருந்துச்சே.” சிரித்தார். “அதுக்காகப் பிடிக்கலைன்னு ஆயிடுமா?”

நான் அழுதேன். தோள் குலுங்கியதால் வலித்தது, வலித்ததால் இன்னும் கொஞ்சம் அழுதேன். ஊராரின் கையை அரைத்திரை வழியாகப் பார்த்துக் கதை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், என் கையில் ஒரு கை இருந்தது தெரியாமல்.

ஏணி சொன்னது தப்பு. ஆனால் அந்தத் தப்பை நான் திருத்தப்போவதில்லை. அது அவருடைய தப்பு. கதையில் அதைத் தவிர அவருடையது என்று வேறு எதுவும் இல்லை, மீதி எல்லாம் என் இட்டுக்கட்டு.

7

முடிவுக்கு வருகிறேன். முடிவு எனக்கு வரவில்லை.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, கேக்காரி துணிப்பையைத் திறந்து பந்தை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து லேசாக அமுக்கிப் பார்த்தாள். நாளெல்லாம் க்ரீம் பை பிழிகிறவளுக்கு, ஒரு பையிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று கையில் எடுத்தாலே தெரியும். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்ததும் இதே அளவுதான். குழாயைப் பிடித்துக்கொண்டே போனாள். பந்திலிருந்து கிளிப்புக்கு வந்தாள். நின்றாள்.

மூடியிருக்கிறது. தானாக மூடாது. அவள் மூடவில்லை.

அவர் நெற்றி வியர்வை, நீட்டிய ஒற்றை விரல், காலையில் திறந்து வைத்த பயணப்பை எல்லாம் அவளுக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. இந்த மனுஷன் வலியைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைப் பிடித்து வைக்கப் பார்த்திருக்கிறான் என்று புரிந்தது. கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

முதல் முடிவு: ‘அவள் கிளிப்பைத் திறந்தாள். மருந்து ஓடியது. பந்து சுருங்கியது. சுருங்கி முடித்ததும் குழாயை எடுத்துப் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு’ — எழுத முடிகிறது. எழுதிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் யார் இருப்பது? வலது கை இல்லாத ஏணி, சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டு.

இரண்டாவது முடிவு: ‘அவள் கிளிப்பை அப்படியே விட்டுவிட்டு’ — மாட்டாள். எவ்வளவு கோபமாக இருந்தாலும் வலியில் துடிக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். அவள் கட்டாயம் திறப்பாள். திறந்தால் அவருக்கு ஆறுதல், அவளுக்குப் பயணம். இரண்டும் ஒரே கிளிப்பில் இருக்கின்றன. அப்படி அமைத்தது நான்தான். இப்போது நானே அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூன்றாவது முடிவு: ‘இருவரும் சிரித்து’ — போதும்.

சரி, நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

கேக்காரி குனிந்து, கிளிப்பில் கட்டைவிரலை வைத்திருக்கிறாள். நாற்காலியில் ஏணி. கை திரும்பிவிட்டது. விரல் ஒவ்வொன்றிலும் உயிர் இருக்கிறது. ஆனால் தோள் அதைத் தூக்க விடாது, ஒரு அங்குலம் நகர்த்தினாலும் கண் இருட்டுகிறது. கிளிப் திறந்தால் மருந்து இறங்கிக் கை மறுபடியும் போய்விடும். அவருக்கு இதுதான் நேரம். இடது கையை மூடுகிறார். வயிற்றின் குறுக்காகக் கொண்டுவருகிறார். வலது உள்ளங்கைக்குக் கீழே செருகுகிறார். வலது உள்ளங்கை அதை உணர்கிறது. பற்களைக் கடித்துக்கொண்டு விரல்களை இறக்கி மூடுகிறார்.

‘இரு.’

சொல்லிவிட்டார். முழுசாக, வலியோடு, அவர் ஆசைப்பட்டபடியே. ஆனால் அவள் பார்க்கவில்லை. அவள் கண் கிளிப்பில் இருக்கிறது.

கூப்பிடலாம், குரல் வந்துவிட்டது, அவளுக்குக் கேட்காது. அவளைக் கூப்பிட வேண்டுமானால் தொட வேண்டும். தொட ஒரு கை வேண்டும். இரண்டு கையும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றை எடுத்தாலும் சொல் கலைந்துவிடும், திரும்பச் சேர்க்க அவருக்குத் தெம்பு இல்லை. காலால் தொடவும் பார்த்துவிட்டார், எட்டவில்லை.

நான் தட்டிக் கூப்பிடலாம். என்னிடம் இருப்பது ஒரு கை. அது இதை எழுதிக்கொண்டிருக்கிறது. எடுத்தால் அவர்கள் இருவரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

திரை பாதிதான் மூடியிருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். உங்கள் கை ஒன்றாவது இப்போது சும்மா இருக்கும். கொஞ்சம் எட்டி அவள் தோளில் தட்டுங்கள். மெதுவாகத் தட்டினால் போதும், அந்தத் தோளுக்கு ஒன்றும் இல்லை.